கூட்டாளிக்கு ஒரு போன்

சிங்காரத்தோப்பு செல்போன் கடையில், திரைக்குக் கீழே வரிசையாகப் பட்டன்கள் வைத்த போன் ஒன்று இரண்டு வருடமாக விலை போகாமல் கிடந்தது. "இன்னிக்கு ஒண்ணு அது போகணும், இல்ல நீ போகணும்" என்று முதலாளி காலையில்தான் கலீமிடம் சொல்லியிருந்தார்.

அதையே கேட்டு வந்தார் வீரமலை.

"உங்களுக்குங்களா?"

"தொழில்ல என் கூட்டாளிக்குங்க. ஸ்ரீரங்கத்துல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உக்கார்றோம். டச் போன் அவன் எவ்வளவு தட்டினாலும் எடுக்க மாட்டேங்குது."

"கை காய்ச்சுப் போயிருக்கும். இதுல கேமரா பாருங்க, பேட்டரி ரெண்டு நாள்..."

"அதெல்லாம் வேணாம். பட்டனை லேசா அமுக்கினா வேலை செய்யுமா?"

"தொட்டாலே போதுங்க."

"எதுக்கும் அவனே பாத்துடட்டும்."

வீரமலை தன் மெமரி கார்டை போனில் போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கூண்டை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தார்.

கிளி ஒன்று வெளியே நடந்து வந்தது.

"சீட்டு எடுத்தா இந்தக் காலத்துப் பசங்க சிரிக்கிறாங்க. அதான் ஜோசியப் பலனை எல்லாம் கார்டுல ஏத்திட்டேன். பட்டனுக்கு ஒரு பலன்."

கிளி பட்டன்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கொத்தியது. திரையில் எழுத்துகள் வந்தன.

'வந்த காரியத்தைக் கைவிடு. வீடு திரும்பு.'

வீரமலை கார்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, இதை எழுதுனது நீங்கதானே?" கலீம் கெஞ்சினான்.

"எழுதுனது நான்தான் தம்பி. எடுத்தது அவனாச்சே."