பச்சை உடுத்தி வந்தவர்

"பச்சையில வந்து நின்னா நீங்க படத்துல இருக்கவே மாட்டீங்க. இப்பவே சொல்லிட்டேன்."

ஸ்டுடியோக்காரம்மா இப்படிச் சொன்னதும், கழுத்துமுதல் கால்வரை பச்சை உடுத்தி வந்திருந்த அந்த உயரமான மனிதர் தலையாட்டினார்.

"அதுக்குத்தாங்க வந்தேன். முகத்துக்கும் ஒண்ணு தைச்சு வாங்கியிருக்கேன்" என்று பையிலிருந்து பச்சைத் துணி உறை ஒன்றை எடுத்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வருடத் தொழிலில், மறைந்துபோவதற்கென்றே தையற்காரரிடம் போய் வந்த ஆளை அவள் பார்த்ததில்லை.

கூட வந்த பெண் நாளைக் காலை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். நான்கு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவள். அவர்மேல் சாய்ந்து நிற்பதுபோல் ஒரு படமாவது கையில் வேண்டும் என்று ஆசை. அப்பாவின் பழைய படம் இருந்தது. சாய்வதற்கு ஓர் ஆள் வேண்டுமே!

"அவரும் என் உயரம்தானாம். இடது பக்கம் லேசா சாஞ்சு நிப்பாராம்" என்று மனிதர் அப்படியே நின்று காட்டினார்.

'வாடகைக்குக் கூட்டிவந்த ஆள் போல. சும்மா சொல்லக்கூடாது, கொடுத்த காசுக்கு மேலேயே நடிக்கிறார்' என்று நினைத்துக்கொண்டாள் ஸ்டுடியோக்காரம்மா.

சுவரில் தொங்கிய பச்சைத் துணிக்கு முன்னால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண் அவர் தோளில் தலை சாய்த்தாள். படம் எடுத்தாயிற்று.

"இந்த சாஃப்ட்வேர் பச்சையை மட்டும் தேடித் தேடி எடுத்துடும். முடி ஓரத்துலதான் சண்டித்தனம் பண்ணும். பொறுங்க."

கம்ப்யூட்டரில் முதலில் துணி போனது. கூடவே மனிதரும் போனார். பெண் மட்டும் அந்தரத்தில் சாய்ந்து நின்றாள். காலியான இடத்தில் பழைய படத்தைக் கொண்டுவந்து வைத்ததும் அப்பா நின்றார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அச்சு அசலா இருக்கும்மா. நீ இரு, நான் போய் வண்டியை எடுக்கிறேன்" என்று மனிதர் வெளியே போய்விட்டார்.

பச்சையோடு இருந்த முதல் படத்தை அழிக்கப் போனாள் ஸ்டுடியோக்காரம்மா.

"அதை அழிச்சிடாதீங்கக்கா. அதையும் ஒரு பிரிண்ட் போடுங்க."

"எதுக்கும்மா? அந்த ஆளு மூஞ்சியே தெரியலையே."

"எனக்குத் தெரியும்க்கா. எங்கம்மாவை ரெண்டாவதாக் கட்டிக்கிட்டு, பதிமூணு வருஷமா என்னை வளர்க்கிறவரு. அந்த அப்பாவும் என்கூட வரட்டும்."