பச்சைக் கோட்டுக்காரி

நடைமேடையில் ஒரு சொட்டுப் பசை வைத்து, பச்சைக் கோட்டுக்காரியை அதன் மேல் நிறுத்தினான் டெரிக்.

இரண்டு சென்டிமீட்டர்கூட உயரமில்லாதவள். பசை இறுகும்வரை மூச்சை அடக்கிப் பிடித்திருந்தான். பிறகு மெல்ல விரலை எடுத்தான்.

நின்றாள்.

இனி இந்த வீட்டில்தான் நிற்பாள். யார் வந்து கேட்டாலும் சரி.

சாப்பாட்டு மேசையை ஓரங்கட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கதவுப் பலகையைக் கிடத்தியிருந்தான். அதன் மேல் முட்டை வடிவில் ஒரு பொம்மைத் தண்டவாளம், ஒரே ஒரு ஸ்டேஷன். எல்லாம் மாமனார் வெண்டலின் யோசனை. பொம்மை ரயிலுக்கு ஊர் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் இப்படி ஒரு பழகு பலகை போடுவார்கள். கை பழகியதும் பிய்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

"தப்பெல்லாம் இதுலயே பண்ணி முடிச்சுடு, மாப்ளே" என்று சொல்லியிருந்தார் வெண்டல்.

டெரிக் தாராளமாகவே பண்ணியிருந்தான். வளைவில் தண்டவாளம் முறுக்கிக்கொண்டு நின்றது. புல் என்று ஒட்டியது நனைந்த பூனையின் முதுகு மாதிரி இருந்தது.

ஸ்டேஷனில் மட்டும் ஒரு குறை கிடையாது. கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியிருந்தான்.

வெண்டலின் பேஸ்மென்டில் மூன்று ஊர்கள் இருந்தன. மலை இருந்தது. ஆற்றுக்கு மேல் இரும்புப் பாலம் இருந்தது. வியாழக்கிழமைதோறும் நண்பர்கள் கூடி அங்கே ரயில் ஓட்டுவார்கள். பச்சைக் கோட்டுக்காரி இதுவரை அங்கேதான் நின்றிருந்தாள்.

தன் ரயில் அவளைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு விசில் கொடுப்பார். யாரும் சொல்லி வைத்துக்கொண்டதில்லை. தானாக வந்த வழக்கம்.

ஒவ்வொரு விசிலுக்கும் டெரிக்கின் வயிறு எரியும்.

வெண்டலுடைய ஊர், அவருடைய நடைமேடை, அவருடைய வண்டி. அவளுமா அவருக்கு?

அந்தப் பொம்மைக்கு வண்ணம் பூசியது அவன் மனைவி ஆட்ரி. தன் குளிர்காலக் கோட்டின் அதே பச்சை. உள்ளங்கையில் நிறுத்தி, "நான்தான், அடையாளம் தெரியுதா?" என்று காட்டினாள்.

"எனக்குக் குடுத்துடேன்."

"உன்கிட்டதான் ஸ்டேஷனே இல்லையே. நான் என்ன, நடுத்தண்டவாளத்துலயா நிக்கிறது?"

சிரித்துக்கொண்டே அப்பாவின் பேஸ்மென்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அவள் உயிரோடு இருந்த கடைசிக் கிறிஸ்துமஸ் அது.

இப்போது டெரிக்கிடம் ஸ்டேஷன் இருந்தது.

கேட்டிருந்தால் வெண்டல் கொடுத்திருப்பார். கேட்கத்தான் முடியவில்லை. சொந்த மனைவியை இன்னொருவரிடம் கைநீட்டி வாங்குவதா? போன வியாழன் எல்லோரும் சாப்பிட மாடியேறியதும், நடைமேடையில் கைவைத்தான். வெண்டல் தன் பொம்மைகளையெல்லாம் பசை போட்டு இறுக்கியிருப்பார். இவள் தொட்டதுமே கையோடு வந்துவிட்டாள். தன்னிடம் வரத்தான் காத்திருந்தாள் என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வாசல் மணி அடித்தது.

வெண்டல்தான். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். பலகையைச் சுற்றி நடந்தார். வளைவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல எறும்பு நடந்தாக்கூட கவுந்துடும், மாப்ளே."

ஸ்டேஷன் பக்கம் வந்து நின்றார்.

டெரிக் தயாராக இருந்தான். திருடன் என்று அவர் சொல்லட்டும். அவள் என் பொண்டாட்டி என்று கத்துவதற்கு வார்த்தை தொண்டையிலேயே இருந்தது.

வெண்டல் கோபப்படவில்லை.

"கூரை அழகா வந்திருக்கு" என்றார்.

சொல்லிக்கொண்டே அவர் கை நீண்டது. கண் கூரை மேல்தான் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே அவள் இடுப்பின் இருபுறமும் போய்ப் பிடித்தன. தூக்கப் பார்த்தார்.

அவள் வரவில்லை.

குனிந்து பார்த்தார். மறுபடியும் மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"ஒட்டிட்டியா?"

"ஆமா."

"பழகுற பலகைல யாராவது இப்படி ஒட்டுவாங்களாடா?"

குரல் உயரவே இல்லை. கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அப்போதுதான் டெரிக் விளக்கை இழுத்து, அவளைச் சரியாகப் பார்த்தான். அவர் விரல் பிடித்த இரண்டு இடங்களிலும் பச்சை தேய்ந்து போயிருந்தது. அடியிலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் வழவழப்பாகத் தெரிந்தது.

அவ்வளவு தேய வேண்டுமென்றால் தினமும் எடுத்திருக்க வேண்டும்.

டெரிக் அவளைக் கையில் எடுத்தது இரண்டே தடவை. திருட ஒரு தடவை. ஒட்ட ஒரு தடவை.