வாரிசு இல்லாத பட்டம்

ஐரிஷ் பிரபுக்களின் வம்சாவளியை நூலாகத் தொகுத்துவந்த ஹோரஸ் லெனிகன் டன்கரோ கோட்டைக்கு வந்தார். பிரபு இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கணப்பருகே சாய்ந்திருந்தார்.

"எழுந்து நிக்க முடியல. தப்பா நினைக்காதீங்க."

"பரவாயில்லைங்க சீமாட்டி. பிரபுவுக்குத் தம்பி, பங்காளின்னு யாரும் இல்ல. பட்டம் ஆண் வாரிசுக்குத்தான் போகும். அதனால 'வம்சம் அற்றது'ன்னு எழுதிடலாமா? அச்சகத்துக்காரன் கழுத்தை நெரிக்கிறான்."

"மாசக் கடைசிவரைக்கும் பொறுங்க. அதுக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

லெனிகனின் குரல் இறங்கியது. "மனசைத் தளர விடாதீங்க."

சீமாட்டி சிரித்தபடி போர்வையை விலக்கினார்.

நிறைமாத வயிறு.

லெனிகன் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "பையன்னா பட்டம் பிழைச்சுக்கும். பொண்ணா இருந்தா?"

"வம்சம் அற்றதுன்னே எழுதிக்கோங்க" என்றார் சீமாட்டி, வயிற்றைத் தடவியபடி. "வளர்ந்ததும் அவளே படிச்சுச் சிரிக்கட்டும்."