கடைசிக் கூண்டு

கொசுக்களுக்குத் திவசம் நடந்துகொண்டிருந்தது.

ஆராய்ச்சியில் நாங்கள் கொன்ற கொசுக்களின் பெயரில், வருஷத்துக்கு ஒருமுறை துறவிகளுக்குச் சோறு போட்டுப் புண்ணியம் சேர்ப்பது எங்கள் பாங்காக் ஆய்வகத்தின் வழக்கம்.

ஓதிக்கொண்டிருந்த மூத்த துறவியின் மொட்டைத் தலையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. வெளிக்கொசு, எங்களுடையது அல்ல. பேராசிரியர் முதல் காவலாளி வரை எல்லோரும் கைகூப்பியபடி அது குடித்து முடிக்கக் காத்திருந்தோம்.

டெங்கு வைரஸ் கொசுவைக் கொல்லாது. கொசுவின் உடம்பும் வைரஸை வெட்டிக்கொண்டே இருக்குமே தவிர, ஒரேயடியாகத் தீர்த்துக்கட்டாது. பாகம் பிரிக்காத வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி, இரண்டும் கடைசிவரை ஒன்றாகக் குடியிருக்கும்.

வைரஸைத் தீர்த்துக்கட்டக் கொசுவுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் என் முனைவர் பட்டம்.

அதற்கு நான் பயன்படுத்திய வைரஸ் பழையது. ஏதோ ஒரு குழந்தையின் ரத்தத்தில் வந்ததாம். அதை முதல் கொசுவுக்குள் ஊசியால் ஏற்றியவர், ஆய்வகத்தில் கொசு வளர்க்கும் மாலிவான் அக்கா. கொசு மாற்றிக் கொசுவாக இத்தனை காலம் காப்பாற்றியவரும் அவரே. உறையவைத்திருந்த பிரதிகள் வெள்ளத்தில் மின்சாரம் போனபோது கெட்டுவிட்டன. மிஞ்சியது அந்த வைரஸைச் சுமக்கும் கொசுக்கள் இருந்த ஒரே ஒரு கூண்டு.

"ஒரு கூண்டுதானே தம்பி, ஓரமா இருந்துட்டுப் போகட்டும். நானே பாத்துக்கறேன்" என்று ஒரு வாரமாக என் பின்னால் சுற்றினார்.

"ஆசையா வளர்க்கணும்னா பூனை வாங்கித் தரேன்க்கா" என்றேன்.

ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது, அதையும் அழித்துவிடு என்பது பேராசிரியர் உத்தரவு. இன்று காலை கூண்டைக் கொதிநீராவிப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினேன்.

ஓதல் முடியும் இடத்தில், இறந்தவர்களை நினைத்துக் குவளையிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்க்க வேண்டும். புண்ணியம் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

அக்கா வார்த்தார். கண்ணீரில் கிண்ணம் தெரியாமல் பாதி நீர் பாயில் சிந்தியது.

"கொசுவுக்கா அக்கா இவ்வளவு அழுகை?" என்று கிசுகிசுத்தேன்.

"என் பொண்ணுக்குடா."

அந்தப் பெண் சின்ன வயதில் டெங்குவில் போனது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அக்கா அவளுக்காக நீர் வார்த்து யாரும் பார்த்ததில்லை.

"அவ போய் எத்தனையோ வருஷமாச்சேக்கா. இப்பத்தானா?"

கிண்ணத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"முழுசாப் போகலையே தம்பி. காலைல நீ கதவை மூடற வரைக்கும் கொஞ்சூண்டு இருந்தா."