முதுகுப் பையின் எடை

பையை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் எடை மெஷின் மீது ஏறி நின்றார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

எழுபத்திரண்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையே இல்லாமல் அவருடைய எடை எழுபத்திரண்டு. தை மாதம் அவர் ரிட்டயர் ஆனபோது கம்பெனியில் உடம்பைச் சோதித்து அனுப்பினார்கள். அப்போது பார்த்த எடை.

"மெஷின் கெட்டுப் போச்சாட்ட இருக்குதுங்க."

"அப்படித்தான் இருக்கும்" என்று உடனே இறங்கிப் பையைக் கழற்றி வைத்துவிட்டார்.

நாளைக் காலை ரயில். டில்லி போய், டேராடூன் போய், அங்கிருந்து மலையடிவாரம். பிறகு ஐந்து நாள் நடை. கூட்டிப் போகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவரவர் பையை அவரவர்தான் சுமக்க வேண்டும். பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கூடாது.

பனியைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருந்தாள். சொன்னதை அவளே மறந்துவிட்டாள்.

அவர் மறக்கவில்லை.

அவள் மெஷினைச் சுவரோரம் நகர்த்தி, தான் ஏறி நின்றாள். அறுபத்தொன்று. போன வாரம் சர்க்கரைக்குப் பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரியில் காட்டிய அதே எடை.

மெஷின் சரியாகத்தான் இருந்தது.

அவருடைய பையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை.

"பேக் இல்லாம ஏறுங்க."

"எதுக்கு? கையில தூக்குனாலே தெரியுதில்ல. பன்னெண்டு கிலோ இருக்கும்."

"ஏறுங்க."

அவர் ஏறினார். கீழே பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்கள் தடுமாறி நின்றன.

அறுபது.

அவளைவிட ஒரு தலை உயரமான மனிதர். அவளைவிட ஒரு கிலோ குறைவு.

அவள் நிமிரவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினின் விளக்கு தானாக அணைந்தது. அப்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதமாக விடிந்ததும் மருதமலைப் படிகளில் ஏறி இறங்கினார்கள். நடை பழகத்தான். எதிரே வந்த தெரிந்தவர்கள் எல்லோரும் அவர் மெலிந்துவிட்டதைச் சொன்னார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

அவளும் சொன்னாள். "மாப்பிள்ளையாட்ட ஆயிட்டீங்க" என்று.

அவர் சட்டைகளைப் பிடித்துத் தைக்க அவள்தான் எடுத்துப் போனாள். இரண்டாவது தடவை போனபோது டெய்லர், "அண்ணனுக்கு ஒடம்புக்கு ஏதாவதுங்களாக்கா?" என்று கேட்டான். அவள் மலைப் பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

இரவில் ஒரு தோசையோடு கையைக் கழுவுவார். மலையேறுகிற உடம்பு லேசாக இருக்க வேண்டும் என்பார். அவள் இன்னொன்று சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தியதில்லை. தனக்கு அந்தக் கட்டுப்பாடு வரவில்லையே என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறாள்.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். பனியனுக்கு மேலே இரண்டு எலும்புகள். நடுவில் ஒரு குழி.

தினமும் பார்த்த உடம்பு.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மெஷினிலிருந்து இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வேணி, பனியப் பாத்துட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."



"டாக்டருகிட்டப் போனீங்களா?"

"போனேன். வயித்துல கட்டி இருக்குதாம். ஒடனே அட்மிட் ஆகோணும்னாரு. ஊருக்குப் போயிட்டு வந்து ஆகறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"எப்ப?"

"வெள்ளிக்கெழமை."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மழைக்கோட்டு வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். அவர் மஞ்சள் நிறத்தில் ஒன்றை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். தொலைவில் வந்தாலும் நீதான் என்று தெரியும் என்றார். வரும் வழியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்றார்.

அவள் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நாள்தானே, பத்து நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்பது போல. அவளுக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து அவருடைய பையைத் திறந்தாள்.

ஊன்றுகோலை எடுத்து வெளியே வைத்தாள். கையுறை. கூடாரத்துக்குள் விரிக்கும் ரப்பர் பாய். பேரீச்சம்பழப் பொட்டலங்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சுவரோரம் வைத்தாள்.

துண்டை எடுக்கவில்லை. சோப்பு டப்பாவை எடுக்கவில்லை. கம்பளிப் போர்வையை எடுத்து, பிரித்து, சின்னதாக மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். பிளாஸ்க்கோடு வந்தாள். இரண்டு டம்ளர், ஒரு ஸ்பூன். பிறகு தலையணை உறை. பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே தான் விரித்துப் படுத்துக்கொள்ள ஒரு பழைய சேலை.



அவர் ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டிக்கெட்டு..." என்றார்.

அவள் பிளாஸ்க்கை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணினாள்.

கட்டில் கிரீச்சிட்டது. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

மடித்த வேட்டிகள் இரண்டைக் கொண்டுவந்து அவளருகே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அவள் அவற்றை மேலாக வைத்தாள். ஜிப் மூட வரவில்லை.

அவர் குனிந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அவள் இழுத்தாள்.