வெளிச்சத்துக்குக் காத்திருந்த உலோகம்

"உங்க மனைவி பேரு என்ன?" என்று டாக்டர் கேட்டார். சபாபதி விழித்தார்.

பெயர் என்னவோ அவர் மூளையில்தான் இருந்தது. வாய்க்குப் போகும் சந்தில், மறதி நோய் கூட்டிவந்த புரதங்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அடைத்து நின்றன.

"கொஞ்சம் வழி விடுங்களேன், டாக்டர் காத்துக்கிட்டிருக்கார்" என்று பெயர் கெஞ்சியது.

"முன்னாடி இருக்கிறவன் நகர்ந்தா நான் நகர்றேன்" என்றது கடைசிப் புரதம்.

"பின்னாடி இருக்கிறவன் கையை விட்டாத்தானே நான் நகர முடியும்!" என்றது முதல் புரதம்.

அந்த நேரம் ஊசி மருந்தோடு வந்த ஓர் உலோகச் சேர்மம், கூட்டத்தின் நடுவே புகுந்து சும்மா உட்கார்ந்தது.

"இதுவும் நம்ம ஆளுதான்" என்று புரதங்கள் சிரித்தன. "என்னப்பா, உனக்கும் வேலைவெட்டி இல்லையா?"

"வெளிச்சம் வரட்டும்" என்றது சேர்மம்.

டாக்டர் சபாபதியின் தலைக்கு மேலே, மண்டைக்குள் ஊடுருவும் விளக்கைப் போட்டார். சேர்மம் துள்ளி எழுந்தது. பக்கத்திலிருந்த ஆக்சிஜனை அள்ளி, ஒவ்வொரு புரதத்தின் கையிலும் எண்ணெய் மாதிரி தடவியது. பிடிகள் வழுக்கின. "ஏய், தள்ளாதே!" என்று ஒன்றையொன்று திட்டிக்கொண்டே கூட்டம் கலைந்தது. பெயர் ஒரே ஓட்டமாக ஓடி வாய்க்கு வந்தது.

"செண்பகம்!" என்றார் சபாபதி.

டாக்டர் கைதட்டினார். அருகில் நின்ற செண்பகத்துக்கு முகம் வெளிறிவிட்டது.

"கல்யாணமான நாள்லேருந்து 'ஏ, இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு. இப்பப் பேரைச் சொல்றாரே! நல்லாத்தானே கூட்டிட்டு வந்தேன் டாக்டர், இவரை என்ன பண்ணீங்க?"