எழுதியவர்

ஜெராம் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் நண்பகல் வெயில் தகரக் கூரையில் சடசடக்கிறது. லோகேஸ்வரி, எதிரே இருக்கும் தர்மினியின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அவள் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளுக்கு எடை போடுபவள். தமிழ் எழுத்துகள் வரி முடிவில் உடையாமல் காக்கும் ஒரு சிறு நிரலை இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள். யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று இணையத்தில் உள்ள ஒரு பொது நிரல் திட்டத்துக்கு அனுப்பச் சொல்லி, பள்ளித் தோழி தர்மினியிடம் கொடுத்தாள். தர்மினி தன் போனில் மட்டுமே சாவி இருக்கும் டிஜிட்டல் அடையாளத்தால் கையெழுத்திட்டு அனுப்பினாள். எழுதியவர் என்ற இடத்திலும் தன் பெயரையே போட்டாள். லோகேஸ்வரியின் விரல் திரையில் மேலும் கீழும் தேடுகிறது.

“என் பேரு எங்க லா?”

தர்மினியின் காதுமடல்கள் சுடுகின்றன. “போடல, லோகேஸ். எல்லாரும் நான் எழுதினதுன்னு நினைக்கட்டும்னு…”

லோகேஸ்வரி விரலை எடுத்துக்கொள்கிறாள். பொரித்த மீன் தட்டை ஓரமாகத் தள்ளி வைக்கிறாள்.

“அழிச்சிரு.”

“கையெழுத்த அழிக்க முடியாது. தப்புன்னு இன்னொரு குறிப்பு எழுதி, அதுலயும் கையெழுத்துப் போடலாம்.”

“அப்பப் போடு.”

தர்மினி தட்டுகிறாள்: ‘இது நான் எழுதியதல்ல. எழுதியவர் லோகேஸ்வரி.’ முழுப் பெயர் என்றால் அப்பா பெயரும் வேண்டும்; அதோடு விரல்கள் நின்றுவிடுகின்றன. புக்கிட் ரோத்தானில் லோகேஸ்வரி வீட்டுச் சோற்றை எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறாள். அவள் அப்பாவை அங்கிள் என்றே கூப்பிட்டுப் பழக்கம்.

“உங்கப்பா பேரு என்ன?” என்று தலை நிமிராமல் கேட்கிறாள்.